காசிமேட்டிலிருந்து வினிபெக்: மைனஸ் முப்பதை எப்படிச் சமாளிப்பது?

ஐஸ்கம்பெனி_மகள்
9 ஜூலை, இரவு 10.40

கேள்வி சின்னது, கதை பெரியது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு காசிமேடு. அப்பா இருபத்தாறு வருடமாக ஐஸ் கம்பெனியில் வேலை. அம்மா துறைமுக ஏலத்தில் மீன் எடுத்துக் கல்மண்டபத்தில் விற்கிறார். நான் மெக்கானிக்கல் முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். இப்போது கனடாவில் மானிடோபா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஊர் வினிபெக். செப்டம்பரில் வகுப்பு. விசா வந்துவிட்டது, பேங்க் லோன் வந்துவிட்டது, தெருவில் எல்லாருக்கும் சொல்லியும் ஆகிவிட்டது. இனிப் பின்வாங்க முடியாது.

பயம் ஒன்றே ஒன்றுதான், குளிர்.

நான் பார்த்த பெரிய குளிர் என்றால் கல்லூரி டூரில் போன கொடைக்கானல். அதற்கே பஸ்ஸை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவள். மார்கழியில் 22 டிகிரிக்கு எங்கள் தெருவில் பாதிப் பேர் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிவிடுவார்கள். சென்னையில் இதுவரை பதிவானதில் மிகக் குறைவு 13.9 டிகிரியாம், கடைசியாக 1905 ஜனவரியில். வினிபெக்கில் ஜனவரி மாதத்துச் சராசரியே மைனஸ் 16 பக்கம் இருக்கிறது. 1879 இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மைனஸ் 47.8 வரை போயிருக்கிறது.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "எங்க டேங்க்கே மைனஸ் பத்துதானேம்மா" என்றார்.

ஐஸ் கம்பெனியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர் நிற்கும். உப்பு இருப்பதால் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் அது உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்களை இறக்கிவிட்டால், டப்பாவில் இருப்பது மட்டும் உறைந்து ஐஸ் பார் ஆகிவிடும். ஆக, அப்பா ஐஸ் செய்கிற தொட்டியைவிடக் குளிரான தெருவில் நான் காலேஜுக்கு நடந்து போகப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா, அத்தை, நான் மூன்று பேரும் எம்.சி. ரோடு போனோம். ஒரு கடையில் கறுப்பு ஜாக்கெட் ஒன்றைக் காட்டி, "மைனஸ் இருபது தாங்கும், ஃபாரின் போறவங்க எல்லாம் இங்கதான் வாங்குறாங்க" என்றார்கள். 6,500 ரூபாய். அம்மாவுக்கு இரண்டு நாள் வியாபாரம். வீட்டுக்கு வந்து உள்ளே திருப்பிப் பார்த்தால் பஞ்சு என்று ஒன்றும் இல்லை, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு கனத்தில் ஒரு தாள். ஜிப் இரண்டாவது முறையே மக்கர் செய்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், "பில்லுல எக்ஸ்சேஞ்ச் மட்டும்தான் போட்டிருக்கு பாருங்க" என்கிறார்கள். எதை எக்ஸ்சேஞ்ச் பண்ணுவது, பட்டுப் பாவாடையா? அத்தை தன் பங்குக்கு இரண்டு குரங்குக் குல்லா வாங்கிக் கொடுத்திருக்கிறார், ஒன்று துவைத்துப் போட்டால் இன்னொன்று வேண்டுமாம்.

கேட்க வேண்டியது இதுதான். துணிமணி எல்லாம் இங்கேயே வாங்க வேண்டுமா, அங்கே போயா? மைனஸ் இருபதில் உடம்பு என்ன ஆகும், வலிக்குமா, மரத்துப் போகுமா? எனக்கு இடுப்பு வரை முடி, காலையில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வெளியே போவேன், அது அங்கே நடக்குமா? அம்மா கேட்கச் சொன்னது: மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமா?

---

பேசின்பிரிட்ஜ்_பையன்
9 ஜூலை, இரவு 11.05

ஊட்டியில் பத்து நாள் ரூம் போட்டுத் தங்குங்க சிஸ்டர். தினமும் ஐஸ் தண்ணியில் குளிங்க. உடம்பு பழகிடும்.

---

ஐஸ்கம்பெனி_மகள்
9 ஜூலை, இரவு 11.12

அண்ணா, அம்மா மீன் பெட்டியில் ஐஸ் அள்ளிப் போடும்போது கூட உட்கார்ந்து கை விறைக்க விறைக்க அள்ளிப் போட்டு வளர்ந்தவள் நான். ஐஸ் தண்ணீர் எனக்குப் புதிது இல்லை. ஐஸ் காற்றுதான் புதிது. ஊட்டிக்குப் போகிற காசில் ஒரு பூட்ஸ் வாங்கலாம்.

---

பழைய_செராங்
10 ஜூலை, காலை 6.20

கண்ணு, நான் தண்டையார்பேட்டை. கப்பலில் 31 வருடம், கடைசிப் பதினோரு வருடம் செராங், அதாவது டெக்கில் வேலை செய்கிற ஆட்களுக்கு மேஸ்திரி. பால்டிக் கடல் பக்கம் நாலு குளிர்காலம் பார்த்திருக்கிறேன். ரிகாவிலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் ஜனவரி, பிப்ரவரியில் கயிறு இழுத்திருக்கிறோம். நீ போகிற ஊர் அதைவிடக் குளிர்தான். ஆனாலும் பாடம் ஒன்றுதான் என்பதால் சொல்கிறேன்.

ரிகாவுக்குள் நுழைந்த முதல் தடவை, குளிருக்குப் பயந்து இருந்ததையெல்லாம் மாட்டிக்கொண்டேன். இரண்டு பனியன், அதன் மேல் கம்பளி, அதன் மேல் பாய்லர் சூட், அதன் மேல் கம்பெனி கொடுத்த ஜாக்கெட். கப்பலைக் கட்டுகிற வேலை முக்கால் மணி நேரம். வியர்த்துக் கொட்டியது. வேலை முடிந்ததும் கேங்வே பக்கம் சும்மா நிற்கச் சொன்னார்கள். பத்தே நிமிடம். வியர்வையில் நனைந்த காட்டன் பனியன் முதுகில் ஐஸ் கட்டி மாதிரி ஒட்டிக்கொண்டது. பல் கிட்டிப் போய்விட்டது, பேர் கேட்டால் சொல்ல வரவில்லை. என்னோடு இருந்த எஸ்டோனியாக்காரர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: வேலைக்கு முன்னால் லேசாகக் குளிர வேண்டும், அப்போதுதான் வேலையில் வியர்க்காது. நாம் தலைகீழாகச் செய்கிறோம்.

அதனால் உடம்பை ஒட்டிப் போடுகிற துணி காட்டனாக இருக்கக் கூடாது. காட்டன் ஈரத்தை விடாது. கம்பளியோ பாலியஸ்டரோ எதுவாக இருந்தாலும் சரி, வியர்வையை வெளியே தள்ள வேண்டும். ஒரே தடிமன் கோட்டை நம்பாதே. மெல்லியதாக இரண்டு, அதன் மேல் காற்றுப் புகாத ஒன்று. சூடு பிடிப்பது துணியில் இல்லை, துணிக்கு நடுவில் நிற்கிற காற்றில்.

அப்புறம் கால். ஒரு சாக்ஸ் போதவில்லை என்று டைட்டான பூட்ஸுக்குள் மூன்று சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் நின்று இன்னும் சீக்கிரம் மரத்துப் போகும். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக வாங்கு, விரல் அசைய வேண்டும். வெறும் கையால் இரும்பைத் தொடாதே. எங்கள் பையன் ஒருவன் ஈரக் கையால் கைப்பிடியைப் பிடித்து, தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றித்தான் எடுத்தோம். "சரக்கு அடிச்சா குளிர் தெரியாது" என்று கப்பலில் சொல்பவர்கள் உண்டு. தெரியாது என்பது உண்மை, அதுதான் ஆபத்து. ரத்தம் தோலுக்கு வந்து உள் சூடு வெளியே போகும். உனக்கு இது தேவைப்படாது, படிக்கிறவர்கள் யாருக்காவது உதவும்.

ஊட்டி வேண்டாம். உங்கள் அப்பாவிடம் சொல். இறால் ஏற்றுமதி செய்கிறவர்களின் கோல்டு ஸ்டோரேஜ் மைனஸ் 18 இல் ஓடும். அப்பாவுக்குத் தெரிந்த மேஸ்திரி யாராவது அங்கே இல்லாமலா இருப்பார்? அந்தப் பிரமாதமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்று பார். தனியாகப் போகாதே, கதவை வெளியே ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

---

வியாசர்பாடி_வினிபெக்
10 ஜூலை, காலை 9.48 (எனக்கு இரவு 11.18)

தங்கச்சி! எங்கே பார்த்தாலும் டொராண்டோ, டொராண்டோ என்பார்கள். எங்கள் ஊருக்கு ஒருத்தி வருகிறாள் என்றதும் தூக்கம் போய்விட்டது. நான் வியாசர்பாடி, எம்.கே.பி. நகர். 2018 இல் அதே பல்கலைக்கழகத்துக்கு வந்தேன், இங்கேயே வேலை, இங்கேயே இருக்கிறேன்.

முதலில் அந்த ஜாக்கெட். விட்டுவிட்டு வா. மைனஸ் இருபது தாங்குவது இருக்கட்டும், அக்டோபர் மாதத்துக்கே ஆகாது. நீ செப்டம்பரில் வருவதால் அவசரம் இல்லை, அப்போது பகலில் நம் கொடைக்கானல் மாதிரிதான் இருக்கும். பனி அக்டோபர் கடைசி, நவம்பரில்தான் ஆரம்பிக்கும். அதற்குள் பெரிய கோட்டும் பூட்ஸும் இங்கே வாங்கிக்கொள். இந்த ஊர்க் குளிருக்குத் தைத்தது இந்த ஊர்க் கடையில்தான் கிடைக்கும். புதிதாக வாங்கினால் விலை பார்த்து மயக்கம் வரும். வேல்யூ வில்லேஜ் என்று பழைய துணிக் கடை இருக்கிறது. என் முதல் கோட்டை அங்கே 40 டாலருக்கு வாங்கினேன், ஐந்து குளிர்காலம் உழைத்தது. பழையதா என்று முகம் சுளிக்காதே, இங்கே எல்லாரும் வாங்குகிறார்கள். இடுப்புக்குக் கீழே தொடை வரை வர வேண்டும், குல்லா ஆழமாக இருக்க வேண்டும், மணிக்கட்டில் காற்று புகக் கூடாது. பூட்ஸ் மட்டும் புதிதாக வாங்கு, மைனஸ் 40 என்று போட்டிருப்பதாக.

ஊரிலிருந்து கொண்டுவர வேண்டியது உள்ளே போடுகிற தெர்மல் மூன்று செட், கம்பளி சாக்ஸ். திருப்பூரில் தைத்துக் கப்பலேறி இங்கே வந்து மூன்று மடங்கு விலைக்கு விற்பதை நீ அங்கேயே வாங்கிவிடலாம். கையுறை வாங்கும்போது ஐந்து விரலுக்கும் தனித்தனியாக இருப்பதை வாங்காதே. நாலு விரலும் ஒரே பைக்குள் போகிறதே, 'மிட்ஸ்' என்பார்கள், அதுதான். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். நீ அந்த மூன்று செட்டை எடுத்துக்கொண்டு மீதி எடைக்கு இட்லிப்பொடி கொண்டுவா.

அத்தையின் குரங்குக் குல்லாவைக் கேலி செய்கிறாயே, ஒன்றைக் கொண்டுவா. இங்கே சாதாரணக் கம்பளித் தொப்பியை 'டூக்' என்பார்கள், காது வரைதான் வரும். காற்று அடிக்கிற நாளில் கன்னத்தையும் மூக்கையும் மூட வேறு ஒன்று தேவைப்படும். அப்போது அத்தையைக் கும்பிடுவாய்.

உடம்புக்கு என்ன ஆகும் என்று கேட்டாயே. மைனஸ் பதினைந்துக்குக் கீழே முதல் மூச்சு இழுக்கும்போது மூக்குக்குள் இருக்கிற முடி விறைத்து ஒட்டிக்கொள்ளும், ஊசி குத்தின மாதிரி. சிரிப்புத்தான் வரும். கண் இமையில் பனி கட்டும். கண்ணாடி போட்டிருந்தால் பஸ்ஸுக்குள் ஏறினதும் ஒன்றும் தெரியாது. போன் கோட்டுக்கு வெளிப் பாக்கெட்டில் இருந்தால் நாற்பது சதவீதம் சார்ஜ் இருந்தும் அணைந்துவிடும், உள் பாக்கெட்டில் வை.

இங்கே வானிலையில் இரண்டு எண் சொல்வார்கள். ஒன்று வெப்பநிலை, இன்னொன்று விண்ட் சில், அதாவது காற்றும் சேர்ந்தால் தோலுக்கு எவ்வளவு போல இருக்கும் என்பது. இரண்டாவதைப் பார்த்துத்தான் நாங்கள் உடுத்துவோம். அது மைனஸ் 28 ஐத் தாண்டினால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40 ஐத் தாண்டினால் ஐந்து முதல் பத்து நிமிடம். வலிக்கிற வரை பயமில்லை. வலி நின்று மரத்து, தோல் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே உள்ளே போ. தேய்க்காதே. அக்குளில் கையை வைத்துச் சூடாக்கு.

முடி: காலைத் தலைக்குளியலை மறந்துவிடு. என் முதல் டிசம்பரில் ஈர முடியோடு பஸ் ஸ்டாப்புக்குப் போய், பின்னல் விறைத்து முதுகில் கம்பு மாதிரி தட்டியது. இரவில் குளித்துக் காயவைத்துவிடு. தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் வராது, வாய் அகலமான டப்பாவில் கொண்டுவா, ஸ்பூனால் தோண்டலாம். மூக்குத்தி இருக்கட்டும், நான் கழற்றியதே இல்லை, மூக்கை மூடினால் அதுவும் மூடிக்கொள்ளும். தொங்கட்டான் வேண்டாம். உலோகம் குளிர்ந்து காது மடலில் சுடும், ஆமாம், சுடும் என்றுதான் தோன்றும்.

இதையெல்லாம் படித்து நடுங்காதே. வெளியே நிற்கிற நேரம் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் இருந்தால் அதிகம். கேம்பஸில் கட்டடத்துக்குக் கட்டடம் சுரங்க நடைபாதை இருக்கிறது. பஸ் ஸ்டாப்புகளில் சிலவற்றில் ஹீட்டர் இருக்கும். வீட்டுக்குள்ளே 21, 22 டிகிரி. நைட்டியோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறேன் இப்போது.

---

புதுவண்ணை_அம்மா
10 ஜூலை, மதியம் 1.15

மேலே சொன்ன வீட்டுக்குள் 22 டிகிரி விஷயத்தைப் படித்ததும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. என் பையன் ஸ்ரீநகரில் நாலு வருடம் படித்தான். அங்கே டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைச் சில்லை கலான் என்பார்கள், கடுங்குளிர்க் காலம். வெளியே என்னவோ மைனஸ் ஐந்து, ஆறுதான். ஆனால் அவன் இருந்த வாடகை அறையில் உள்ளேயும் அதே கதை. குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். ஃபெரான் என்கிற தொளதொளத்த அங்கிக்குள் காங்கிரி என்று தணல் போட்ட மண்சட்டியை வைத்துக்கொண்டு படித்தான். இப்போது வேலைக்குக் கனடா போய், மைனஸ் 25 இல் இருந்துகொண்டு, "அம்மா, இது குளிரே இல்லை" என்கிறான். எண்ணைப் பார்த்துப் பயப்படாதே பாப்பா. வீட்டு வாடகையில் ஹீட்டிங் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு.

---

ஐஸ்கம்பெனி_மகள்
21 ஜூலை, இரவு 9.30

செராங் ஐயா, போய் வந்துவிட்டேன்!

அப்பாவோடு சின்ன வயதில் ஐஸ் தூக்கிய ஒருவர் ஒரு கோல்டு ஸ்டோரேஜில் மேஸ்திரியாக இருக்கிறார். "எதுக்குடா பொண்ணை ஃபிரீசர்ல வெக்கிற" என்று அப்பாவைத் திட்டிவிட்டு அப்புறம் சம்மதித்தார். வெளியே வெயில் 37. உள்ளே கதவுக்கு மேல் சிவப்பு எழுத்தில் மைனஸ் 18.

முதல் தடவை சுடிதார் மேல் 6,500 ரூபாய் ஜாக்கெட், ரப்பர் செருப்பு. மேஸ்திரி என் செருப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவருடைய கம்பூட்ஸைக் கொடுத்தார். உள்ளே போன முதல் ஒரு நிமிடம், உண்மையைச் சொன்னால், சுகமாக இருந்தது. வெளியே வெந்துகொண்டிருந்தோம் அல்லவா. மூன்றாவது நிமிடம் ஜாக்கெட்டின் ஜிப் கோடு நெஞ்சில் குளிர்ச்சியாக ஒரு கோடு போட்டது. ஐந்தாவது நிமிடம் முழங்கால். ரப்பர் பூட்ஸுக்குள் கால் விரல்கள் பத்தும் எங்கேயோ போய்விட்டன. ஏழாவது நிமிடம் வெளியே வந்துவிட்டேன். அக்கா சொன்ன மாதிரி கண்ணாடியில் ஆவி படிந்து அப்பா எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை.

அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு இரண்டாவது தடவை போனேன். இந்த முறை ஜாக்கெட் இல்லை. எக்ஸ்போர்ட் மிச்சத்தில் வாங்கிய தெர்மல், அதன் மேல் அப்பாவின் கம்பளி ஸ்வெட்டர், அதன் மேல் என் மழைக் கோட்டு. இரண்டு சாக்ஸ், மேஸ்திரியின் பெரிய பூட்ஸ். குரங்குக் குல்லா. பன்னிரண்டு நிமிடம் நின்றேன், இன்னும் நின்றிருப்பேன். 300 ரூபாய் மழைக் கோட்டு 6,500 ரூபாயை ஜெயித்துவிட்டது.

ஒன்று கவனித்தேன். மூலையில் பெட்டிகளுக்கு நடுவே நின்றபோது ஒன்றுமே தெரியவில்லை. கூலர் ஃபேனுக்கு நேர் கீழே வந்து நின்றதும் கன்னம் எரிந்தது. அதே அறை, அதே மைனஸ் 18. விண்ட் சில் என்றால் என்ன என்பது அங்கேதான் மண்டையில் ஏறியது. வீட்டுக்கு வந்து சூத்திரத்தைத் தேடிப் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 18 இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் மைனஸ் 30 போல.

அப்பா அங்கே வேலை செய்பவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து, "எல்லாரும் கையைக் காய வெச்சுட்டுத்தான் கிளவுஸ் போடுறாங்க, பாத்தியா? ஈரத்தோட போடாத" என்றார். அவருடைய கையில் மழைக்காலத்தில் வெடிப்பு வந்து ரத்தம் கசியும். அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாரே தவிர, கையுறை போட்டு நான் பார்த்ததில்லை. போட்டால் பார் வழுக்குமாம்.

வியாசர்பாடி அக்காவுக்கு இரண்டு கேள்வி. பனியில் வழுக்கி விழாமல் நடப்பது எப்படி? கருவாடு கொண்டுவரலாமா?

---

வியாசர்பாடி_வினிபெக்
22 ஜூலை, காலை 7.55

கருவாடு: மீனுக்குத் தடையில்லை, இறைச்சிதான் சிக்கல். ஆனால் விமான நிலையத்தில் உணவுப்பொருள் இருக்கிறது என்று கட்டாயம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மாட்டினால் அபராதம். மூன்று கவர் போட்டுக் கட்டு, இல்லையென்றால் உன் புடவையெல்லாம் நெத்திலி வாசம். வறுக்கும்போது புகை அலாரம் அடிக்கும், பயந்துவிடாதே, நான் முதல் முறை மாடிப்படியில் ஓடினேன்.

இட்லி மாவு: குளிர்காலத்தில் மேடையில் வைத்தால் இரண்டு நாள் ஆனாலும் அப்படியே கிடக்கும். ஓவனை ஆன் செய்யாமல் உள்ளே இருக்கிற பல்பை மட்டும் போட்டு மாவை வை. காலையில் பொங்கியிருக்கும். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவை, கூடத் தங்குகிற பெண் தெரியாமல் 200 டிகிரியில் போட்டுவிட்டால் போச்சு. எனக்கு நடந்தது.

நடப்பதற்கு உனக்கு நான் சொல்ல வேண்டுமா? காசிமேட்டு ஏலத் தளத்தில் அதிகாலையில் மீன் தண்ணீரும் உடைந்த ஐஸுமாகக் கிடக்கும்போது உங்கள் அம்மா தலையில் கூடையோடு எப்படி நடக்கிறார் என்று பார். குதிகாலை ஊன்றாமல், பாதம் முழுதாகப் பதிய, சின்ன அடி, உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்து. அதேதான். இங்கே பென்குயின் நடை என்று போஸ்டர் ஒட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடக்காதே, விழுந்தால் ஊன்ற முடியாது.

குளிரைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது இருட்டு. டிசம்பரில் காலை எட்டரைக்குப் பக்கம்தான் சூரியன் வரும், சாயங்காலம் நாலரைக்குப் போய்விடும். லேபுக்குள் இருந்தால் ஒரு நாள் முழுக்க வெயிலே பார்க்க மாட்டாய். முதல் வருடம் பிப்ரவரியில் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள், மத்தியானம் கால் மணி நேரம் வெளியே நட. கடுங்குளிர் நாட்களில்தான் இங்கே வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், அதுவும் ஒரு ஆறுதல். தாங்க முடியவில்லை என்றால் பல்கலைக்கழகத்தில் பேசுவதற்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கூச்சப்படாமல் போ. நான் போனேன்.

---

ஐஸ்கம்பெனி_மகள்
18 ஜனவரி, மதியம் 3.50 (வினிபெக் நேரம்)

ஆறு மாதம் கழித்து வருகிறேன். திட்டாதீர்கள், முதல் செமஸ்டர் முடியும் வரை மூச்சுவிட நேரமில்லை.

இன்று காலை மைனஸ் 29, விண்ட் சில் மைனஸ் 41. பஸ் ஸ்டாப்பில் ஏழு நிமிடம் நின்றேன். நடந்து போனால் பனி காலடியில் தெர்மாகோலை உரசுகிற சத்தம் போடுகிறது. மூக்கு முடி சமாச்சாரம் நிஜம். கார்களை எல்லாம் முன்பக்கம் ஒயர் தொங்க, கரண்ட் சாக்கெட்டில் சொருகி நிறுத்திவைத்திருக்கிறார்கள், எஞ்சின் உறையாமல் இருக்க. முதலில் பார்த்தபோது எல்லாமே எலக்ட்ரிக் கார் என்று நினைத்து அப்பாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன், அப்புறம் மாற்றிச் சொன்னேன்.

கோட்டு அக்கா கூட வந்து வாங்கிக் கொடுத்தது, 35 டாலர், பாக்கெட்டில் யாரோ விட்டுப்போன பஸ் டிக்கெட்டோடு. விழுந்தது இதுவரை ஒரே முறை, அதுவும் கேம்பஸ் கேன்டீனுக்குள் ஈரத் தரையில். யாரும் சொல்லாத ஒன்று: எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கிறது. கதவுப் பிடி, குழாய், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண். காற்று அவ்வளவு வறட்சி. நவம்பரில் இரண்டு முறை மூக்கில் ரத்தம் வந்தது. இரவில் ஈரத் துண்டை நாற்காலியில் விரித்துப்போட்டு, மூக்குக்குள் வாஸலின் தடவிக்கொள்கிறேன், சரியாகிவிட்டது. இருட்டு பற்றி அக்கா சொன்னதும் நிஜம். அதைப் பற்றி இன்னொரு நாள்.

எனக்கு மதியம் மூன்று மணி ஆனால் அங்கே மறுநாள் விடியற்காலை இரண்டரை. அம்மா ஏலத்துக்குக் கிளம்புகிற நேரம். தினமும் அப்போதுதான் போன். நான் லேப் ஜன்னலில் மிச்சமிருக்கிற வெயிலில் உட்கார்ந்திருப்பேன், அம்மா இருட்டில் கூடை கட்டிக்கொண்டிருப்பார். "சாப்ட்டியா" என்று அவர் கேட்பது மதியச் சாப்பாட்டையா, இரவுச் சாப்பாட்டையா என்று இரண்டு பேருக்கும் இன்னும் தெளிவில்லை.

போன வாரம் அப்பாவுக்கு வீடியோவில் ரோட்டைக் காட்டினேன். இங்கே பனி உருக ரோட்டில் உப்பு போடுகிறார்கள். "நம்ம டேங்க் உப்பா?" என்று போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். ரொம்பக் குளிர்ந்துவிட்டால் உப்பு வேலை செய்யாது, மணல்தான் கொட்டுவார்கள் என்றேன். "ஆமா, உப்புக்கும் ஒரு அளவு இருக்குல்ல. டேங்க்கை அதுக்கு மேல இறக்குனா உப்புத் தண்ணியே கட்டிப் போயிடும்" என்றார். தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் இதற்கு ஒரு வரைபடமே இருக்கிறது. அவருக்கு அது தேவைப்படவில்லை.

அப்புறம் அந்த ஜாக்கெட். விற்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. அம்மா மார்கழி முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் ஏலத்துக்குப் போனாராம். கல்மண்டபத்தில் எல்லாரும், "இன்னா, பொண்ணு கனடாலேர்ந்து அனுப்புச்சா?" என்று கேட்கிறார்களாம். அம்மா ஆமாம் என்று சொல்லிவிட்டாராம். ஜிப் மட்டும் போய்விட்டது, ஊக்கு குத்திக்கொள்கிறாராம்.